பாதிச் சைக்கிள்

இதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. திருச்சுழிக் கோயிலில் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னால், பஸ் செலவு என்னுடையது.

எழுபத்திரண்டு வயதில் நான் ஒற்றைச் சக்கரச் சைக்கிள் ஓட்டினேன்.

சைக்கிள், என் சேக்காளி மீரா சாகிபு வீட்டுக்கு வந்தது. துபாயில் இருக்கும் மகன் சகாபுதீன் தன் பிள்ளை ஷஹீனாவுக்காக அனுப்பியிருந்தான். பெட்டியைப் பிரித்தால் ஒரு சக்கரம், ஒரு சீட்டு, இரண்டு பெடல். ஹேண்டில்பாரைக் காணோம்.

துபாய்ச் சாமான் எடை பார்த்துப் பிரித்துப் பிரித்துத்தான் வரும் என்பது எங்களுக்குத் தெரியாதா?

"மிச்சச் சைக்கிளு அடுத்த பார்சல்ல வரும்" என்றார் மீரா சாகிபு, டயரைத் தடவியபடி. "புது டயரு, ஏலே பாலையா. ரப்பரு முள்ளு முள்ளா குத்துது."

அவரால் தடவித்தான் பார்க்க முடியும். வலது கண்ணில் புரை முற்றிப் பார்வை போய்விட்டது. இடது கண்ணுக்கு எல்லாமே புகை.

ஆபரேஷனுக்கு ஆள் ஏற்ற கண் முகாம் பஸ் இரண்டு தடவை ஊருக்கு வந்தது. இரண்டு தடவையும் மனிதர் கக்கூசுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். இனியும் விட்டால் இடது கண்ணும் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"பயமா சாகிபு?"

"ஏலே, நீ இந்தப் பாதிச் சைக்கிள்ல பஸ் ஸ்டாப்பு வரைக்கும் வந்து காட்டு. நான் பஸ்ஸுல ஏறுறேன்."

அடுத்த பஸ்ஸுக்குப் பதினைந்து நாள் இருந்தது. சைக்கிளை வீட்டுக்குத் தூக்கி வந்தேன்.

"இடுப்பு ஒடிஞ்சு கிடந்தா நான் பாக்க மாட்டேன், ஆமா" என்றாள் என் வீட்டுக்காரி லிங்கம்மாள்.

முதலில் ரேஷன் கடைச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். சுவர் கூடவே வந்தது. கடை முடிந்த பிறகும் கொஞ்ச தூரம் வந்தது.

சக்கரத்தைப் பார்த்தால் விழுகிறோம், தூரத்தைப் பார்த்தால் நிற்கிறோம் என்பது மூன்றாம் நாள் பிடிபட்டது. நான் தூரத்து ஊரான பாலவனத்தத்தைப் பார்த்தேன்.

பிறகு கண்மாய்க் கரை. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். விழுந்தால் முள் என்பதால் விழுவதை அன்றோடு விட்டுவிட்டேன்.

பன்னிரண்டாம் நாள் நிறுத்தத் தெரியாமல் மல்லாங்கிணறு வரை போய்விட்டேன். அங்கே ஒரு டீ சொன்னேன். இறங்கவும் தெரியாததால், கடையைச் சுற்றிச் சுற்றி வந்து குடித்தேன். கிளாசைத் திருப்பிக் கொடுக்கத்தான் ஏழு சுற்று ஆனது.

பஸ் வரும் காலை வந்தது. கையைப் புருவத்துக்கு மேல் வைத்துக்கொண்டு மீரா சாகிபு ஸ்டாப்பில் நின்றார். அக்குளில் ஒரு மஞ்சள் பை. அதில் மாற்றுக் கைலி இருந்ததை நான் கவனித்தேன்.

கண்தான் அவருக்கு மங்கல். பக்கத்துத் தெருவில் பால் பொங்கினால்கூடக் காது சொல்லிவிடும். பெடலில் வழுக்கும் என்று நான் செருப்பைக் கழற்றிவிட்டேன்.

இரண்டு கைகளையும் விரித்து, மெல்ல ஆடி ஆடி, பத்தடி தள்ளி அவரைக் கடந்து போனேன்.

"ஏலே... வந்துட்டியே!" என்றார் மீரா சாகிபு.

"நான் வந்துட்டேன். நீ?"

முகாம் பஸ் ஹாரன் அடித்தது. அவர் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, படியைக் காலால் தேடி ஏறிவிட்டார்.

நாலாம் நாள் கறுப்புக் கண்ணாடியோடு நேராக என் வீட்டுக்கு வந்தார். என் முகத்தையே வெகுநேரம் பார்த்தார்.

"ஏலே, இம்புட்டுக் கிழடாவா ஆயிட்டே?"

மூலையில் இருந்த சைக்கிளைத் தூக்கினார். டயரை ஒருமுறை தடவினார். சிரித்துக்கொண்டே எடுத்துக்கொண்டு போனார்.

அது இன்றைக்கும் அவர் வீட்டில்தான் நிற்கிறது. டயரில் அந்த ரப்பர் முள் ஒன்றுகூடத் தேயவில்லை.