எவளோட நிறம்?

கணவன் சட்டைக் கையை மடித்துவிட்டதுதான் தாமதம், மணிக்கட்டில் இருந்த தோல்நிறத் தீற்றல் அவள் கண்ணில் பட்டுவிட்டது.

அழகுசாதனக் கடையில், வருகிறவர்கள் முக நிறத்துக்கு ஏற்ற ஃபவுண்டேஷன் பூச்சைப் பொருத்தித் தருகிற வேலை அவளுக்கு. ஆளைப் பார்த்ததுமே பாட்டில் நம்பரைச் சொல்லிவிடுவாள்.

“போன வாரமும் இதே இடத்துல இருந்துச்சு. யாருங்க அவ?”

“எவ?”

“மாநிறம், கொஞ்சம் மஞ்சள் தூக்கல். தினம் பாக்கற நிறம் மாதிரி இருக்கு. எனக்குத் தெரிஞ்சவதான். நானே கண்டுபிடிக்கறதுக்குள்ள சொல்லிடுங்க.”

அவன் திருதிருவென விழித்தான். அவள் வெடுக்கென்று அவன் கையைப் பிடித்து விளக்கடிக்கு இழுத்தாள். பார்த்தால், தீற்றல் எங்கே முடிகிறது, தன் விரல் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை.

“ஆபீஸ் முடிஞ்சு பெயின்டிங் கிளாஸ் போறேன்,” என்று வழிந்தான். “வரையறது உன்னைத்தான். உக்கார வச்சு வரைஞ்சா ரகசியம் போயிடும். அதான் கலரைக் கலந்து கையில தடவிட்டு வந்து, நீ தண்ணி நீட்டறப்போ பக்கத்துல வச்சுப் பாத்துக்கறேன். இன்னைக்குத்தான் அச்சா பொருந்தியிருக்கு.”

ஆசையாக மணிக்கட்டை அவள் கன்னத்தோரம் கொண்டுபோனவன், தலையில் கைவைத்துக்கொண்டான்.

“போச்சு. இந்தச் சிவப்பைக் கலக்க கிளாஸ்ல இன்னும் சொல்லித்தரலையே.”