பெயர் வருவதற்கு முன்

"எஃபி சகோதரி, ஆண்டவர் உங்க வீட்டுக்குச் செஞ்ச நன்மையைச் சபைக்கு வந்து சாட்சியா சொல்லுங்க" என்றார் போதகர்.

எஃபி பெஞ்சின் விளிம்பைப் பிடித்தபடி உட்கார்ந்தே இருந்தாள்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்குப் பக்கத்தில் கைக்கட்டு இன்னும் பிரிக்காத ஹெட்லி உட்கார்ந்திருந்தான். நண்டு பிடிக்கப் போன படகு நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் கவிழ்ந்து, பனிக்கட்டி மிதக்கும் தண்ணீரிலிருந்து பிழைத்து வந்த அவள் புருஷன்.

அதே பெஞ்சின் மறுகோடியில், கறுப்பு உடையில், அவள் ஓரகத்தி பிளான்ச். படகில் போன இன்னொருவன் பிளான்ச்சின் புருஷன், ஹெட்லியின் அண்ணன் வில்ஃப். அவன் உடல்கூடக் கரைக்கு வரவில்லை.

புயல் அடித்த அந்தக் காலையில் இரண்டு பெண்களும் எஃபியின் அடுக்களையில்தான் இருந்தார்கள். படகுகளின் செய்தி வரும் வயர்லெஸ் பெட்டிக்கு முன்னால் முழங்காலிட்டு, ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு ஜெபித்தார்கள்.

உம்மையே நம்பியிருக்கிறோம் ஆண்டவரே, உம்முடைய சித்தப்படியே ஆகட்டும் என்று இருவர் வாயும் சேர்ந்து சொன்னது. எஃபி அதை மனதாரத்தான் சொன்னாள்.

அப்போது வயர்லெஸ் கரகரத்தது. ஒருவரை உயிரோடு தூக்கிவிட்டார்களாம். மற்றவரைக் காணவில்லையாம்.

பெயர் சொல்வதற்குள் சத்தம் அறுந்துபோனது.

அது திரும்ப வரும்வரை இருவரும் முழங்காலிலேயே இருந்தார்கள். சற்றுமுன் சொன்ன ஜெபத்தை எஃபி தேடிப் பார்த்தாள். அது வாயில் வரவில்லை.

ஹெட்லியாக இருக்கட்டும், ஹெட்லியாக இருக்கட்டும் என்று மட்டும் மனசுக்குள் கெஞ்சினாள்.

அப்படியென்றால் செத்தது வில்ஃபாக இருக்கட்டும் என்று அர்த்தம். ஹெட்லி முதுகு பிடித்துப் படுத்துக் கிடந்த குளிர்காலம் முழுக்க இவர்கள் அடுப்புக்கு விறகு வெட்டிப் போட்ட வில்ஃப். அர்த்தம் தெரிந்தேதான் கெஞ்சினாள்.

கேட்டது கிடைத்தது.

அன்றிலிருந்து பிளான்ச் ரொட்டி சுடும்போதெல்லாம் இவர்களுக்கும் ஒன்று கொண்டுவந்து வைக்கிறாள். ஹெட்லியின் முகத்தை மட்டும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. வைத்ததும் போய்விடுகிறாள். தன் மனசில் ஓடியது அவளுக்குத் தெரிந்துவிட்டது என்றே எஃபி நினைத்தாள்.

அன்றிலிருந்து எஃபி ஜெபிக்கவும் இல்லை. எதையாவது கேட்டுவிடுவோமோ என்று பயம்.

போதகர் காத்திருந்தார். ஹெட்லி முழங்கையால் லேசாக இடித்தான்.

எழுந்து நின்றாள். "ஆண்டவர்..." என்றாள். அதற்குமேல் வரவில்லை, அழுகைதான் வந்தது. ஆனந்தக் கண்ணீர் என்று எண்ணி முன்வரிசையில் யாரோ ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

பிளான்ச் எழுந்து வந்தாள். எஃபியின் தோளை இறுக அணைத்துக்கொண்டு காதோடு சொன்னாள்.

"பேரு வர்றதுக்கு முன்னாடி நானுந்தான் கேட்டேன், கண்ணு. ஹெட்லி போனா போறான், என் வில்ஃபு வரட்டும்னு. இப்ப இவன் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

அது வேறு யார் காதிலும் விழவில்லை. சாட்சி முடிந்துவிட்டதென்று நினைத்துச் சபை ஆமென் சொன்னது.