எடுத்துக் கொடுக்கிறவன்

மேடையில் ராஜா வசனம் மறந்து நின்றான்.

தட்டிக்குப் பின்னால், வசனம் எடுத்துக் கொடுக்கிறவன் வாயை இறுக மூடிக்கொண்டான்.

அவன் டார்ச் வெளிச்சம் நாடக நோட்டில் சரியான வரியின் மேல்தான் விழுந்துகிடந்தது. அந்த வரியை மெதுவாக எடுத்துக் கொடுக்க வேண்டும். அவன் வேலை அவ்வளவுதான்.

கொடுக்கவில்லை.

போன திருவிழா வரை ராஜா வேஷம் அவனுடையது. இந்த வருடம் கமிட்டி அதைக் கபிரியேலுக்குக் கொடுத்துவிட்டது. கபிரியேல் கடலுக்குப் போகிறவன். எழுத்து வராது. வசனத்தை எல்லாம் காதால் கேட்டே படித்தவன். வள்ளம் கவிழ்ந்து தண்ணீரில் கிடந்தபோது, கரை சேர்ந்தால் அந்தோனியார் திருவிழாவில் வேஷம் கட்டுகிறேன் என்று நேர்ந்துகொண்டவன்.

இது நேர்ச்சை. அது தட்டிக்குப் பின்னால் நின்றவனுக்கும் தெரியும்.

தெரிந்துதான் வாயை மூடியிருந்தான்.

நாடகத்தில் ஒரு தளபதி வருகிறான். ராணி கெட்டவள் என்று ராஜாவின் காதில் ஓதுகிறான். மணலில் உட்கார்ந்திருந்த ஊர் அவனைத்தான் ஏசிக்கொண்டிருந்தது.

"நீ வெளங்குவியால? வேஷத்தக் கலச்சிட்டு வெளிய வா, ஒனக்கு இருக்கு!"

பாவம் தளபதி. வேஷம் கலைத்தால் ஐஸ் விற்கிறவர். நாய்க்குக்கூட ஒதுங்கி வழிவிடுகிறவர்.

அந்தத் தளபதி ஆசைப்பட்டது ஒரு நாட்டுக்கு. இவன் ஆசைப்பட்டது ஜிகினா ஒட்டிய ஓர் அட்டைக் கிரீடத்துக்கு.

அதற்காகச் சாயங்காலமே தொடங்கியிருந்தான். பவுடர் பூசிக்கொண்டிருந்த கபிரியேலிடம் போய், "ராணியா நடிக்க ஒருத்தி வந்திருக்காள்லா, மதுரைக்காரி, ஒம்மேல மீன் கவுச்சி அடிக்குன்னு சொல்லிச் சிரிக்கா" என்றான். அந்த மதுரைக்காரி பிலோமியிடம் போய், "கபிரியேல் கை ஒரு மாதிரி. தள்ளியே நில்லு தாயி" என்றான்.

இரண்டும் பொய். இரண்டுக்கும் நடுவே கோவிலைப் பார்த்து ஒருமுறை சிலுவையும் போட்டுக்கொண்டான்.

பொறாமைக்குப் பெரிய மூளை எதற்கு? எலிக்கு இருப்பது போதும்.

மேடையில் கபிரியேல் தட்டியைப் பார்த்தான். வியர்வையில் அரிதாரம் வழிந்தது. பின்னாலிருந்து ஒரு விசில்.

"எல, ராசா கடல் தொழிலுக்குப் போயிட்டாரால?"

சிரிப்பு. முன்வரிசையில் கபிரியேலின் அம்மா செபமாலையை உருட்டுவதை நிறுத்தினாள்.

இன்னும் கொஞ்சம் சிரித்தால் போதும். அடுத்த வருடம் கிரீடம் திரும்பி வந்துவிடும்.

பிலோமி ராஜாவை நெருங்கினாள். எந்தக் கைக்குத் தள்ளி நிற்கச் சொன்னானோ அந்தக் கையைப் பிடித்தாள்.

"நான் துரோகம் செய்தவள் என்றுதானே சொல்ல வந்தீர்கள், மன்னா?"

அது ராஜாவின் வசனம். ராணியைச் சாகடிக்கிற வசனம்.

அதை அவளே எடுத்துக் கொடுத்தாள்.

கபிரியேல் வரியைப் பிடித்துக்கொண்டான். பிறகு எங்கும் தடுமாறவில்லை. விசிலடித்தவனே மூக்கை உறிஞ்சினான்.

படுதா இறங்கியதும் கபிரியேல் தட்டிக்குப் பின்னால் ஓடி வந்து அவனைக் கட்டிக்கொண்டான்.

"எண்ணே, நீங்க குடுத்தது எனக்குக் கேக்கவேயில்ல. நல்லவேள, அக்கா காதுல விழுந்துச்சு. என் நேர்ச்சையக் காப்பாத்திட்டிய!"

பின்னாலேயே வந்த பிலோமி, எடுத்துக் கொடுக்காதவனின் முகத்தைப் பார்த்தாள். தன் காதில் ஒன்றும் விழவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

"ஆமா தம்பி. அண்ணன் தெளிவாத்தான் குடுத்தாரு."

இதுவும் பொய்தான். ஆண்டவர் மன்னிக்க வேண்டிய தேவைகூட இல்லாத பொய்.

அவன் என்ன செய்தான்?

தலையாட்டினான். "இதுல என்னல இருக்கு" என்று வேறு சொன்னான்.

கடைசிக் காட்சிக்கு மணி அடித்தது. பிலோமி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவனிடம் வந்தாள்.

"இதுல நான் பொணமாக் கெடக்கணும்ண்ணே. வாயத் தொறக்க முடியாது. தம்பிய நீங்கதான் பாத்துக்கணும்."

குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

படுதா ஏறியது.

அவள் கண்மூடிக் கிடந்தாள். கபிரியேல் தலைமாட்டில் மண்டியிட்டான். முதல் வரியைச் சொன்னான். இரண்டாவது வரவில்லை.

இந்த முறை கபிரியேல் பதறவில்லை.

தட்டியின் பக்கம் காதைச் சாய்த்துக் காத்திருந்தான்.