மரங்கொத்தியிடம் ஒரு சந்தேகம்

"இன்னிக்கும் மரங்கொத்தி புராணந்தானா?" என்று மனைவி கேட்டாள்.

கணவர் மடிக்கணினியிலிருந்து தலை நிமிரவில்லை. "அடுத்த மாசத்துலேர்ந்து கம்ப்யூட்டர்ல பைத்தான் மொழியை வெறுமனே 'பைத்தான்'னு கூப்பிட்டா புது வெர்ஷன்தான் ஓடும். பழசுக்கு எழுதின மென்பொருளை எல்லாம் அதுக்குத் தகுந்தபடி திருத்தி, பேக்கேஜா கட்டணும். எப்படிப் பண்றதுன்னு மரங்கொத்திதான் விதிமுறை எழுதுறாங்க. ஒரே சந்தேகத்தை மூணு தரம் கேட்டாலும் சலிச்சுக்க மாட்டாங்க."

"யாரு அவங்க?"

"தெரியாது. அந்தக் குழுவுல எல்லாருக்கும் புனைபெயர்தான். எழுத்தைப் பார்த்தா பொண்ணுன்னு தோணுது."

அவளுக்கு எரிச்சலாக வந்தது. தன்னிடம் 'ம்' என்பதற்கு மேல் பேசாத மனிதர், முகம் தெரியாதவளுக்குப் பத்தி பத்தியாக எழுதுகிறார். 'உங்கள் பொறுமைக்கு நன்றி' என்று வேறு முடிக்கிறார்.

"நானும் இதே வேலைதான் பார்க்கிறேன். என்கிட்ட ஏதாவது கேட்டிருக்கீங்களா?"

"உனக்கு இதெல்லாம் புரியாதும்மா."

அவள் விருட்டென்று எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். கோபம் தணியக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு தன் கணினியில் அந்தப் புனைபெயர்க் குழுவின் பக்கத்தைத் திறந்தாள். கணவரிடமிருந்து அவளுக்கு ஒரு செய்தி வந்திருந்தது.

'மரங்கொத்தி, இது பேக்கேஜ் சந்தேகம் இல்லை. உங்களைப் புகழ்ந்ததற்கு என் மனைவி கோபித்துக்கொண்டு போய்விட்டாள். எப்படிச் சமாதானப்படுத்துவது?'

அவள் பதிலைத் தட்டினாள்.

'உள்ளே வந்து கேளுங்கள். கதவைத் தாழ் போடவில்லை.'