முன் சீற்

டாஷ்போட் சாப்பாட்டு மேசையில் கிடந்தது.

நோபேட் அதைக் காரிலிருந்து கழற்றி வந்து வைத்த அன்று மனைவி செலீன் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள். அன்றிலிருந்து இருவரும் அங்கேயே சாப்பிட்டார்கள்.

கார் அப்பா வாங்கியது. பழைய வூல்ஸ்லி. டாஷ்போட் முழுக்க வால்நட் பலகை.

ஸ்டியரிங் பக்கத்தில் வேலை அதிகமில்லை. மீற்றர் கண்ணாடிகளைத் துடைத்தான், தளர்ந்திருந்த வயர் ஒன்றை இறுக்கினான். அவ்வளவுதான். அவனுக்கு வேலை இருந்தது இடப்பக்கத்தில்.

அங்கேதான் அம்மா இருந்தாள்.

சந்தைக்கு, ஆஸ்பத்திரிக்கு, பூசைக்கு, எங்கே போனாலும் அம்மா முன் சீற்றில். செலீனின் தங்கைக்குக் கலியாணம் நடந்த அன்றுகூட அம்மா முன்னால், செலீன் பின்னால்.

கலியாணம் முடித்த புதிதில் அப்படி இருக்கவில்லை. செலீன்தான் அவனுக்குப் பக்கத்தில் இருந்தாள். பிறகு அவன் கப்பல் வேலைக்குப் போனான். திரும்பி வந்தபோது அம்மாவும் அவளும் இடம் மாறியிருந்தார்கள்.

ஒரு வீட்டில் இரண்டு பெண்கள், அம்மா வென்றுவிட்டாள் என்று அவன் விளங்கிக்கொண்டான். கேட்கவில்லை. கேட்டால் ஒரு பக்கம் சாயவேண்டி வரும்.

அப்படியே தலை நரைத்தது.

இப்போது அம்மா இல்லை. ஆண்டுப் பூசையும் முடிந்துவிட்டது. செலீன் இன்னும் பின்னால்தான் ஏறுகிறாள். முன் சீற் வெறுமையாகப் போய் வெறுமையாக வருகிறது.

சந்தியில் வாடகைக்கு ஓட்டோ ஓட்டும் பௌஸி ஒருநாள் ஜன்னலுக்குள் தலையை நீட்டி, பின் சீற்றிலிருந்த செலீனைக் காட்டிக் கேட்டான்.

"நோபேட் அய்யே, மெடத்துக்கிட்ட ஹயருக்கு எவ்வளவு எடுக்கிய? எங்கட ஹயரக் கெடுக்க வாணாம்."

செலீன் சிரித்தாள். நோபேட்டும் சிரித்தான். அன்று பின்னேரமே ஸ்குறூ டிரைவரைத் தேடி எடுத்தான்.

அவள் முன்னால் வராததற்குக் காரணம் அந்தப் பலகைதான் என்று அவனுக்குத் தோன்றியது. அம்மா போனபின்னும் அம்மா அதில் இருந்தாள். மேலே அவள் பசை போட்டு ஒட்டிய அந்தோனியார். சிறு பெட்டியைத் திறந்தால் கோடாலித் தைலத்தின் மணம். அதன் குமிழைச் சுற்றி, தொங்கவிட்ட செபமாலை உரசி உரசி விழுந்த கீறல்.

எல்லாவற்றையும்விட அந்த விளிம்பு. அம்மா இரண்டு கைகளாலும் அதைப் பிடித்துக்கொண்டுதான் வருவாள். பிறேக் போட்டாலும் போடாவிட்டாலும் பிடி விடமாட்டாள். பிடித்த இடங்களில் வானிஷ் தேய்ந்து, மரம் வெளுத்து, எட்டு விரல்களும் தனித்தனியே தெரிந்தன.

இந்தப் பலகைக்கு எதிரே எந்த மருமகள் வந்து உட்காருவாள்?

அந்தோனியாரைப் பிளேட்டால் கிளப்பி எடுத்து வீட்டுப் பீடத்தில் வைத்தான். பெட்டியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி வெயிலில் காயவிட்டான். பழைய வானிஷைச் சுரண்டி, சான்ட்பேப்பரால் மெதுவாகத் தேய்த்தான். வால்நட் என்பது மேலே ஒட்டிய மெல்லிய தோல் மட்டும்தான். கொஞ்சம் அழுத்தினால் கிழிந்துவிடும். கீறல் போய்விட்டது. விரல்கள் போகவில்லை.

கடைசியில் அந்த இரண்டு இடங்களையும் வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தோல் ஒட்டினான். வெட்டிய துண்டுகள் குப்பையோடு போயின.

செலீன் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். வெட்டிய இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பிடித்திருக்கிறது என்று அவன் நினைத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை டாஷ்போட் காருக்குள் இருந்தது. இடப்பக்கம் யாரும் இருந்ததே இல்லை என்பதுபோல மினுங்கியது.

நோபேட் முன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். அவன் யாருக்கும் கார்க் கதவு திறந்துவிட்டதில்லை.

செலீன் பூசைப் புத்தகத்தோடு வந்தாள். குனிந்து உள்ளே பார்த்தாள். வடிவாக இருக்கிறது என்றாள்.

பின் கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள்.

அவன் முன் கதவை மூடவில்லை. இத்தனை காலமும் கேட்காததை அப்போது கேட்டான்.

"அம்மாதான் இல்லையே, செலீன். இன்னும் அவவோட என்ன கோபம்?"

அவள் அவனை விளங்காமல் பார்த்தாள்.

"கோபமோ? மாமியோடயோ?"

பிறகு, நேற்று நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். எண்பத்து மூன்று கலவரம். அவன் கப்பலில் இருந்த வருடம். வெள்ளவத்தை வீட்டிலிருந்து பக்கத்து வீட்டு முஸ்லிம் நானா காரை ஓட்டி இருவரையும் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுவந்து விட்டார் என்பது அவனுக்குத் தெரியும். அதற்கு மேல் தெரியாது.

"நான்தான் முன்னுக்கு இருந்தனான். பம்பலப்பிட்டியில ஆக்கள் கார் காரா மறிச்சு, தமிழ் ஆக்களோ எண்டு உள்ளுக்குப் பாக்கிறாங்கள். மாமி நானாவை நிப்பாட்டச் சொல்லி, என்னை இறக்கிப் பின்னால கீழ படுக்க வச்சு, பெட்ஷீற்றால மூடிப்போட்டு என்ர இடத்தில ஏறினவ. அவங்களோட சிங்களத்தில சிரிச்சுக் கதைச்சுக் கதைச்சே வந்தவ. நான் சொல்லுமட்டும் முன்னுக்கு வராதை, பிள்ளை, எண்டவ."

சேலைத் தலைப்பைக் கதவுக்குள் இழுத்து எடுத்தாள்.

"பிறகு செக்பொயின்ற் வந்தது. குண்டு வந்தது. இப்ப சரி, முன்னுக்கு வா எண்டு அவ கடைசிவரைக்கும் சொல்லேல்ல."