காதைப் பிடித்திருந்த உண்ணி

ஜிகினா என்ற பூனையின் இடது காதுக்குப் பின்னால் ஓர் உண்ணி கடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. வந்தபோது எள்ளளவுதான் இருந்தது. இப்போது ஆமணக்குக் கொட்டை மாதிரி உப்பிவிட்டது.

“கண்ணு, நான்தான் உன் காதைத் தலையோட பிடிச்சு வச்சிருக்கேன். என்னைப் பிடுங்கினா காதும் கூடவே வந்துடும்,” என்று அது ஓயாமல் சொல்லும்.

இவ்வளவு ஒட்டிக்கொண்டிருப்பவன் பொய்யா சொல்வான் என்று ஜிகினா நினைத்துக்கொள்ளும். சொறியக்கூடப் பயந்து வலது பக்கமாகவே படுத்துக்கொள்ளும். வீட்டுக்கார ரோசலின் இடுக்கியைக் கையில் எடுத்தாலே பீரோ மேல் பாய்ந்துவிடும்.

சாப்பாடு இறங்காமல் அது துவண்டு கிடந்த ஒரு நாள், ரோசலின் அதைத் துண்டில் சுற்றி மடியில் இறுக்கிக்கொண்டாள்.

“ஐயோ, என் காது!” என்று அலறியது ஜிகினா.

“கத்தாம, அசையாம இரு,” என்றது இடுக்கி. “அவன் வயித்தை நசுக்கினா விஷத்தை உனக்குள்ளயே துப்பிடுவான். திருகினா தலை உள்ளயே தங்கிடும். தோலை ஒட்டிப் பிடிச்சு நேரா, மெதுவா இழுக்கணும்.”

அப்படியே இழுத்தது. உண்ணி காலை உதறிக்கொண்டு, தலையோடு முழுசாக, ஸ்பிரிட் பாட்டிலுக்குள் விழுந்தது. கடித்த இடத்தை ரோசலின் மருந்துப் பஞ்சால் துடைத்துவிட்டாள்.

ஜிகினா முன்னங்காலால் தடவிப் பார்த்தது. காது இருந்தது.

“இப்பவாவது பயம் போச்சா?” என்றது இடுக்கி.

ஜிகினா தலையை அசைக்காமல், கண்ணை மட்டும் திருப்பி மெல்லக் கேட்டது:

“இனிமே என் காதை யாரு பிடிச்சுக்குவாங்க?”