ஒட்டாத துண்டுகள்

“பெத்தம்மா, இன்னையோட உனக்கு வேலை இல்லை!”

டாக்டர் பாலகிருஷ்ணன் போட்ட சத்தத்தில் மலாக்காவின் அந்தச் சின்ன லேப்பே அதிர்ந்தது. அங்கே இருப்பதே மூன்று பேர்தான். அவர், டியூப்களைக் கழுவி எடுத்துக் கொடுக்கும் பெத்தம்மா, வேலை பழக வந்திருந்த அனுசியா.

அது தொண்ணூற்றெட்டாம் வருடம். லூபோக் சீனா பக்கத்து ரப்பர் ஆலைக் குளத்தில் கிடைத்த ஒரு கிருமியின் மரபணுவைப் படித்துக்கொண்டிருந்தார்கள். இயந்திரம் அதைத் துண்டு துண்டாகத்தான் படித்துக் கொடுக்கும். ஓரம் பொருந்துகிற துண்டுகளைக் கம்ப்யூட்டரில் ஒட்டி முழுசாக்க வேண்டும். அப்புறம் எந்தப் பகுதிக்கு என்ன வேலை என்று குறிக்க வேண்டும். எட்டு மாத உழைப்பு. கடைசியில் நாற்பது துண்டுகள் எதிலும் ஒட்டவில்லை. தேடிப் பார்த்தால், அவை கிருமியுடையதே இல்லை. மனித மரபணு!

“வெறுங்கையால டியூப்பைத் தொட்டிருக்கே. பால்மரத்துல ரப்பர் பால் பிடிக்கிற மங்கு தொடைச்ச கைதானே! கிளவுஸ் போடத் தெரியுமா?”

“சத்தியமா போட்டேன் டாக்டர். தோட்டத்து வீட்டைக் காலி பண்ணிட்டு இந்த வேலையை நம்பித்தான் டவுனுக்கு வந்தோம்.”

“பேசாதே லா! வெளிய போ.”

பாவம், அழுதுகொண்டே போய் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

அனுசியாவும் சும்மா இருக்கவில்லை, பின்னாலேயே வாசலுக்குப் போனாள். “ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க? எல்லாம் வீணாப் போச்சு லா” என்று தன் பங்குக்குக் கடிந்துகொண்டாள்.

டாக்டர் வேலை நீக்கக் கடிதம் டைப் அடிக்க உட்கார்ந்தார். “அனுசியா, அந்த நாற்பதையும் ‘மனிதன்’னு எழுதி ஒதுக்கிடு.”

புதுசாகப் பழகுகிறவள் அல்லவா, ஒவ்வொன்றையும் மனித மரபணுப் பட்டியலோடு தனித்தனியாக ஒப்பிட்டுப் பார்த்தாள். ஏழாவது துண்டில் கை நின்றது. மறுபடியும் ஒப்பிட்டாள். அதே பதில்தான் வந்தது. அக்காவை என்ன பேச்சுப் பேசிவிட்டோம்!

“டாக்டர், இது பெத்தம்மாக்காவோடது இல்லை.”

“எப்படிச் சொல்றே?”

“ஏழாவது துண்டு ஒய் குரோமோசோம். அது ஆம்பளைங்களுக்கு மட்டும்தானே இருக்கும்?”

டாக்டர் எழுந்து வந்து திரையைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

“நான் இல்லாத நேரத்துல எவனை உள்ளே விட்டீங்க? சொல்லு! எவனா இருந்தாலும் சும்மா விடமாட்டேன்!”

அனுசியா எழுந்து நின்றாள்.

“யாரும் வரலை டாக்டர். இந்த லேப்ல ஆம்பளைன்னா நீங்க ஒருத்தர்தான்.”